திரும்பிய நேரம்

கிளீட்டஸ் கடலில் காணாமல் போனது ஐப்பசி மாதத்தில், அவனுக்கு நாற்பது வயது நடக்கும்போது. அவன் கரை வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருஷம் ஜனவரி முதல் தேதி காலை ஐந்தரை மணிக்கு, அவனைப் பெற்றவளே பாவாடை சட்டையில் ஓடித் திரிந்த காலத்தில். கொண்டல்துறைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன வள்ளம் என்றைக்காவது வரத்தானே வேண்டும், இது கொஞ்சம் முந்தி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போனார்கள்.

அவன் வந்த செய்தியை முதலில் சொன்னவர் சூசைமிக்கேல். ஏலக்கூடத்தை ஒட்டிய தாசனின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர், பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார்.

"லேய் தாசா, அந்தப் பயல நான் பாத்திருக்கேன். வருசப் பொறப்புப் பூச முடிஞ்சு வாறோம், கிழக்க வெளுக்குது, கட்டுமரங்களுக்கு நடுவுல ஒரு நீல வள்ளம் வந்து ஏறுது. மரமுமில்ல, தகரமுமில்ல. தட்டுனா பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம். பொறத்தால ஒரு எஞ்சின் தொங்குது. அதுலேருந்து எறங்குனது நம்ம கிளீட்டஸ்தாண்டே."

"அப்போ இத்தன வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்றான் தாசன்.

"இத்தன வருசம் எங்கடே ஆச்சு? இன்னைக்குக் காலையிலதான நடந்துச்சு."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் மருந்து குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தவர்களுக்கும், அந்த நீல வள்ளம் நினைவில் வந்து ஏறிவிட்டது, நேற்று வரை வெறும் மணலாகக் கிடந்த இடத்தில்.

காரணம் தெரிந்தவள் அந்த ஊரில் ஒருத்திதான். அவள் கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தா.

ஜெசிந்தா நாகர்கோவில் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள். மிச்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, 'கரை' என்று ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தாள். கரை என்பது ஒரு எழுதுமுறை, வேறொன்றுமில்லை. எந்த வள்ளம் எந்தத் துறையிலிருந்து எப்போது போனது, எத்தனை பேரோடு போனது, எப்போது திரும்பியது என்பதை எல்லாத் துறைக்காரர்களும் ஒரே மாதிரி போனில் எழுதினால், ஒரு துறையில் எழுதியதை இன்னொரு துறையின் கம்ப்யூட்டர் தடுமாறாமல் வாசிக்கும் என்பது அவள் எண்ணம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அப்படி எடுத்துக்கொண்டவர்களில் ஒருவன் கடலுக்கு அந்தப்பக்கம் பருத்தித்துறையில் இருந்த மயூரன். கரையில் எழுதியதை உலகத்தின் மற்ற எழுதுமுறைகளுக்கு மாற்றிக் கொடுக்கும் 'பாலம்' அவனுடையது. இன்னொருத்தி நாகப்பட்டினத்துத் தேன்மொழி. பாலம் வழியாக வருவதை வாசித்து, நேரம் கடந்தும் திரும்பாத வள்ளம் இருந்தால் எல்லாத் துறைகளிலும் ஒரே சமயத்தில் சங்கை ஊதவைக்கும் 'தேடி' அவளுடையது. மூவரும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்ததில்லை. வழு வழியாகத்தான் பழக்கம். பிழைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வழு. கண்டவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு தலைப்போடு அதைத் திறந்து வைப்பார், மற்றவர்கள் அதன் கீழே வந்து விசாரிப்பார்கள், மல்லுக்கு நிற்பார்கள், திருத்துவார்கள், தீர்ந்தபின் மூடுவார்கள்.

கொண்டல்துறையில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தும் வராத வள்ளத்தைப் பற்றி யாராவது கேட்டால், 'வரல்ல' என்று ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். கரையில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் கடல் கேட்டுவிடும், கேட்டதை வாக்காக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். 'வருது' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கரையில் பிறந்த ஜெசிந்தாவுக்கு, 'திரும்பிய நேரம்' என்ற இடத்தில் திரும்பாதவர்களுக்கு என்ன எழுதுவது என்று வந்தபோது விரல் நகரவில்லை. 'வராவிட்டால் இந்த இடத்தை வெறுமையாக விடவும்' என்று விதி எழுதிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வெறுமை பாலத்தில் ஏறும்போது பூஜ்யமாயிற்று. கம்ப்யூட்டர்களுக்கு நேரம் என்பது ஓர் எண். அந்த எண் பூஜ்யமாக இருந்த பொழுதுதான் அவற்றுக்குக் காலத்தின் முதல் பொழுது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று, நம் ஊர்க் கடிகாரப்படி விடியற்காலை ஐந்தரை. ஆகவே ஐப்பசியில் கிளீட்டஸின் வள்ளம் திரும்பாதபோது, அது எப்போதோ திரும்பிவிட்டது என்று தேடி வாசித்தது; சங்கு ஊதவில்லை. ஊதாத சங்கை நம்பி மற்றத் துறைக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கொண்டல்துறைக்காரர்கள் தாங்களாகவே வள்ளம் இறக்கியபோது நீரோட்டம் அவனை எங்கெங்கோ கொண்டுபோயிருந்தது.

தேன்மொழிதான் வழுவைத் திறந்தாள். 'திரும்பாத வள்ளங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே திரும்பிவிடுகின்றன' என்று தலைப்பு. பாலத்தின் பக்கம் திறந்தாள். மயூரன் அது கரையின் வழு என்று கரைக்கு அனுப்பினான். கரை பக்கம் யாரோ அது தேடியின் வழு என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று வீட்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு வழு கடைசியில் ஜெசிந்தாவின் வாசலில் வந்து உட்கார்ந்தது.

'அக்கா, வெறுமை எண்டால் என்னெண்டு பாலத்துக்கு விளங்காது' என்று மயூரன் எழுதியிருந்தான். 'எழுத மறந்ததும் வெறுமைதான், வள்ளம் வராததும் வெறுமைதான். நான் எதை எதாய் மாத்திறது? வராத வள்ளத்துக்கு ஒரு சொல்லுத் தாங்கோ. எந்தச் சொல்லெண்டாலும் சரி, மிச்சத்தை நான் பாக்கிறன்.'

ஜெசிந்தா வாசித்தாள். பதில் எழுதவில்லை. ஏனென்றால் அதற்குள் அவளுடைய மாமியார் வியாகுலம் பேசத் தொடங்கியிருந்தாள்.

வியாகுலத்துக்கு அந்த ஜனவரியில் ஒன்பது வயது. கோயில் கிணற்றில் தண்ணீர் இறைத்து இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தவளை, உடம்பெல்லாம் உப்புப் பூத்த ஓர் ஆள் வழிமறித்து, "அம்மா, தண்ணி தா" என்று கேட்டிருக்கிறான்.

"ஒம்பது வயசுக்காரியப் போய் அம்மாங்கான், பிள்ளே. எனக்கு ஒரே சிரிப்பு. செம்பு செம்பா குடிச்சான். குடத்துல பாதி காலி. அப்பவும் தாகம் அடங்கல்ல. உம்பேரு என்னடேன்னு கேட்டேன். கிளீட்டஸ்ன்னான். எனக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சு. பின்ன நான் பெத்தவனுக்கு அதத்தான் வச்சேன்."

பெற்றபிறகு வைத்த பெயர் பங்குச் சாமியார் சொன்னது என்றுதான் அதுவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா அதைக் கேட்கவில்லை. "வேற என்ன சொன்னாவ, மாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"பெண்டாட்டி ஒருத்தி உண்டுன்னான். கம்ப்யூட்டர விட்டு எழும்பமாட்டாளாம். கம்ப்யூட்டர்ன்னா என்னன்னு கேட்டேன். அடுப்பு மாதிரி இருக்கும், எப்பவும் சூடா இருக்கும், ஆனா சோறு மட்டும் வேகாதுன்னான்."

அது கிளீட்டஸேதான். அந்தக் கிண்டலை வேறு யாரும் உண்டாக்கிச் சொல்லிவிட முடியாது. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டுக்கும் சேர்த்து மூக்கைச் சிந்தினாள்.

ஒவ்வொரு நாள் விடியும்போதும் பாலம் ஒரு தடவை ஓடி, திரும்பாதவர்களைத் திரும்பியவர்களாக எழுதிவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய விடியல் இன்னும் கொஞ்சம் நீளும். நீண்ட அளவுக்கு வியாகுலத்தின் நினைவில் மகன் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பான். அவள் எழுந்து முகம் கழுவி வருவதற்காக ஜெசிந்தா காப்பியோடு காத்திருப்பாள், பேப்பர்காரனுக்குக் காத்திருக்கிறதுபோல. இன்றைக்கு அவன் வலையைக் கட்டுமரக்காரர்களுக்குக் காட்டினான். இன்றைக்கு ஜெசிந்தாவின் மீன்குழம்பில் புளி கூடுதல் என்று குறை சொன்னான். இன்றைக்குச் சும்மா மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது போதுமாயிருந்தது அவளுக்கு. புருஷனோடு வாழ்கிற எத்தனை பெண்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு சேதி கிடைக்கிறது?

ஆனால் காணாமல் போனவன் கிளீட்டஸ் ஒருவன் மட்டுமில்லையே. பாலம் எல்லாத் துறைகளுக்கும் பொது. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காணாமல் போகிற வள்ளங்கள் யாவும், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை, கரை என்ற எழுதுமுறை பிறந்த கொண்டல்துறையின் மணலிலேயே, அதே விடியலிலேயே, வந்து ஏறின. சேதி பரவிற்று. பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள், கையில் போட்டோவோடு. ஏலக்கூடத்தில் மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டதும் பழைய ஆட்களை வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பங்குச் சாமியார், நினைவு கர்த்தர் தருவது, அதை வைத்து யாரும் அடித்துக்கொள்ளக் கூடாது, ஒருவர் நினைத்து முடித்தபின் அடுத்தவர் நினைக்கட்டும் என்று பிரசங்கத்தில் அறிவித்தார்.

"இந்த முகமா? கண்டேனே. தெற்குப் பக்கம் ஏறுன மஞ்ச வள்ளம். போன வச்சிக்கிட்டு டவர் இல்ல, டவர் இல்லன்னு நடந்துட்டு இருந்தான்" என்பார் சூசைமிக்கேல்.

"அவ்வளவு தூரம் வந்தவன் வீட்டுக்கு வந்திருக்கலாமில்லா?" என்று ஒரு தகப்பன் கேட்டான்.

"எப்பிடி வருவான்? உன் வீடு இன்னும் கட்டலியே."

அந்தத் தகப்பன் யோசித்துப் பார்த்தான். வாஸ்தவம்தான். சாயாவைக் குடித்துவிட்டு, மகன் நல்லபடியாக இருக்கிறான் என்று தெம்போடு பஸ் ஏறிப் போனான்.

இப்படியே போயிருக்கலாம், ஒரு விடியலுக்கு இத்தனை ஆட்கள்தான் கொள்ளும் என்று ஓர் அளவு இல்லாமல் இருந்திருந்தால். நாளாக நாளாகப் பழைய ஆட்களுக்கு அந்தக் காலையில் மூச்சு முட்டத் தொடங்கியது. கட்டுமரம் ஏற்றி வைக்க மணலில் இடமில்லை. எஞ்சின் சத்தத்தில் பூசை மணி கேட்கவில்லை. ஒருநாள் சூசைமிக்கேல் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டு ஜெசிந்தாவின் வீட்டுப் படியில் வந்து நின்றார்.

"மக்ளே, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குக் காலையிலதான் சிலுவை நிக்கிற குருசடிப் பக்கம் வச்சு நான் திரேசாகிட்ட முத முதல்ல வாய் தொறந்து பேசுனது. என்ன பேசுனேன்னு கேட்டா, பூசைக்கு வந்தியான்னு. பூசையிலேருந்துதான் ரெண்டுபேரும் வாறோம்." அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி திரேசா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. "இப்ப நெனச்சா அந்த இடத்துல யாரு வள்ளமோ நிக்குது. அவ அதுக்குப் பின்னால நிக்கா. சேல தெரியுது, முகம் தெரியல்ல. கொஞ்சம் தள்ளி விடச் சொல்லுவியா?"

ஜெசிந்தா சொல்வதாகச் சொன்னாள், யாரிடம் சொல்வது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. திறந்து கிடந்த வழுவைப் போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் கேட்டுக் கிடந்தது. சொல்லை எழுதினால் வெறுமை போய்விடும். வெறுமை போனால் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் இல்லையென்றால் அந்த விடியலில் கிளீட்டஸ் இல்லை. மூடிவைத்தாள், ராத்திரி மாமியாரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் முற்பகலில் தேன்மொழி போன் செய்தாள். இத்தனை காலம் எழுத்தாக மட்டும் இருந்தவளுக்கு ஒரு குரல் இருந்தது, சின்னக் குரல், ஓடி வந்ததுபோல.

"அக்கா, நான் தேன்மொழி. எங்க துறையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு, முந்தாநாள் போனவங்க. சங்கு ஊதல. நான் பாக்கறப்ப எழுபதுல திரும்பிட்டதா காட்டுது."

"நீங்களே ஊத வைக்க முடியாதா? எழுபதுன்னு வந்தா ஊதுன்னு எழுதிட்டா?"

"எழுதிப் பாத்தாச்சுக்கா. பேட்டரி செத்த போனெல்லாம் பத்திரமா வந்த படகுக்கும் அதே தேதியத்தான் போடுது. ஒரே வாரத்துல ஊர் ஊரா சங்கு. இது சோத்துக்கு ஊதுற சங்குன்னு சிரிக்கறாங்க. கையால ஊதவெச்சாலும் இப்ப யாரும் படகெறக்க மாட்டாங்க. யாரும் சிரிக்காத சங்கு வேணும்னா அது கரையிலேருந்துதான் வரணும். உங்க வீட்டுக்காரர் விஷயம் தெரியுங்க்கா. தெரிஞ்சுதான் இத்தன நாள் ஒண்ணும் கேக்கல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வியாகுலம் நின்றிருந்தாள்.

"நீ அந்தச் சொல்ல எழுதப் போறியா?"

"எழுதட்டா, மாமி?"

"ஒருதடவ கடல் கொண்டுபோச்சு. கரையேறி நிக்கவன ரெண்டாவது தடவ நீயே தள்ளிவிடப் போறியான்னு கேக்கேன்."

ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வியாகுலமும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேசும்போது அவள் குரலில் பழைய கோபம் இல்லை.

"இன்னைக்குக் காலையில ரெண்டு பேரு ஏறுனாவ. நம்ம பக்கத்துப் பேச்சு இல்ல. மூத்தவன் எளையவனத் தாங்கிக் கொண்டுவாறான். உதடெல்லாம் வெடிச்சிருக்கு. தண்ணி கேட்டாவ. குடம் முழுக்கக் குடுத்தேன். அடங்கல்ல. கிணத்துக்கே கூட்டிட்டுப் போனேன். அடங்கல்ல பிள்ளே. அந்தக் காலத்துக் கிணத்துத் தண்ணி எப்பிடி அடக்கும்? அவனுவ தாகம் இங்க இருக்கு, இப்ப, நடுக்கடல்ல."

"மாமி."

"கிளீட்டஸும் முதல்ல அப்பிடித்தான் குடிச்சான். ஒங்கிட்டச் சொன்னேன். அப்பறம் உள்ளத நான் சொல்லல்ல." வியாகுலம் முந்தானையை வாய்க்குக் கொடுத்துக்கொண்டாள். "ஒருநாள் செம்ப நீட்டுனேன், வேண்டாம்மான்னான். மறுநாளும் வேண்டாம்ன்னான். சிரிக்கான், பேசுதான், உங்குழம்பக் குத்தம் சொல்லுதான். தண்ணி மட்டும் கேக்கல்ல. அவனுக்குத் தாகம் இல்லாம ஆகி ரொம்ப நாளாச்சு, மக்ளே."

 பிறகு வியாகுலம்தான் மருமகளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, அந்தச் சோறு வேகாத அடுப்பின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

என்ன சொல் எழுதுவது என்று ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. வெறுமையாக விடவும் என்று தான் எழுதிய விதியை அழித்தாள். திரும்பாத வள்ளத்துக்குத் திரும்பிய நேரத்தின் இடத்தில் இனி எல்லாத் துறையினரும் எழுதவேண்டிய சொல் இது என்று அவள் கரையில் எழுதிவைத்தது அந்த ஊர் எப்போதும் சொல்லிவந்த சொல்: வருது.

மயூரன் அதற்காகவே காத்திருந்தவன்போலப் பாலத்தைத் திருத்தினான். 'சொல்லு வந்து சேர்ந்திட்டுது அக்கா. பாரம் கூடின சொல்லு. பாலம் தாங்கும்' என்று எழுதினான்.

துறைக்காரர்கள் வெறுமைகளில் அந்தச் சொல்லை நிரப்ப, பாலம் விடியலுக்குக் காத்திராமல் ஓட, நடுப்பகலில் சங்கு ஊதிற்று. நாகப்பட்டினத்திலிருந்து கொண்டல்துறை தாண்டி மேற்கே மலையாளக் கரை வரை, அந்தப்பக்கம் பருத்தித்துறையிலும், ஒரே நேரத்தில், ஒரே குரலில். தேடிக்கு முந்தாநாள் போனவன் ஐப்பசியில் போனவன் என்ற வித்தியாசம் தெரியாது. வருது என்று எழுதியிருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஊதியது, கிளீட்டஸுக்கும். அன்றைக்கே ஊதியிருக்க வேண்டிய சங்கு. ஒருவரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கையைக் கழுவாமல்கூட ஆட்கள் இறங்கி வந்து வள்ளத்தைத் தள்ளினார்கள். அண்ணனும் தம்பியும் கவிழ்ந்த படகின்மேல் குப்புறக் கிடக்கக் கண்டு தூக்கி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டார்கள், தாகம் அடங்கியது. கிளீட்டஸுக்காகப் போன வள்ளங்கள் அவன் போன நீரெல்லாம் போய் நின்று, எஞ்சினை நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மறுநாள் பொழுது சாயத் திரும்பின.

அந்த வள்ளங்கள் இன்னும் கடலில் இருந்த மறுநாள் விடியலில் வியாகுலம் கடைசியாக ஒன்றை நினைவில் கண்டாள். மணலில் நின்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. மஞ்சள் வள்ளம், பச்சை வள்ளம். குருசடிப் பக்கம் இடம் காலியாகிறது. நீல வள்ளத்தைத் தள்ளுகிறவனிடம், எங்கடே போற என்று குடத்தோடு நிற்கிற ஒன்பது வயதுக்காரி கேட்கிறாள். அவன் திரும்பிப் பார்த்து, "வாறேம்மா" என்கிறான். போகிறவர்கள் எல்லோரும் சொல்கிறதுதானே.

அப்புறம் மறதி வந்தது, வெள்ளம் வடிகிறதுபோல. போட்டோவோடு வருகிறவர்களிடம், பார்த்ததில்லையே என்றார்கள் பழைய ஆட்கள், மனதாரத்தான். சூசைமிக்கேல் டீக்கடையில் உட்கார்ந்து, பூசைக்கு வந்தியா என்று தான் கேட்டதற்குத் திரேசா முறைத்த முறைப்பை நடித்துக் காட்டினார். கிளீட்டஸுக்குப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால், "சாமியாரா இருக்கும்" என்றாள் வியாகுலம்.

சங்கு மட்டும் விடவில்லை. தினமும் விடியலில் நீல வள்ளத்துக்காக ஒருதடவை ஊதிற்று. தேன்மொழி வழுவின் கீழே தயங்கித் தயங்கி எழுதினாள்: 'அக்கா, அண்ணன் வள்ளத்துக்கு என்ன செய்யட்டும்?' அதற்கும் கரையில் ஒரு சொல் வேண்டியிருந்தது. கரையில் 'தேடல்' என்று புதிதாக ஓர் இடம் போட்டு, கிளீட்டஸின் வள்ளத்துக்கு நேரே அதில் 'தேடினோம்' என்று எழுதினாள் ஜெசிந்தா. திரும்பிய நேரத்தை அவள் தொடவில்லை. மற்றத் துறைக்காரர்களும் அப்படியே எழுத, விடியலில் சங்கு அடங்கிற்று. பிறகு தேன்மொழி தன் பக்கத்திலும், மயூரன் தன் பக்கத்திலும், கடைசியாக ஜெசிந்தா தன் பக்கத்திலும் வழுவை மூடினார்கள்.

வியாகுலம் இப்போதும் விடியற்காலையில் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மணலில் வந்து நிற்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. துறைக்குப் புதிதாக வந்த எழுதுகிறவன் போனும் கையுமாக ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் பக்கத்தில் நின்றான்.

"இந்த நீல வள்ளம் ஒண்ணு எழுதியிருக்கே, அது வந்துட்டா பாட்டி?"

"வருது" என்றாள் வியாகுலம்.

அவன் போனைப் பார்த்தான். அப்படித்தான் எழுதியிருந்தது. அடுத்த வள்ளத்துக்குப் போனான்.